கிரியேட்டினினை மட்டும் காவல் காத்தேன்

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. ஆறு வருடமாக அதில் ஒரே ஒரு எண்ணைத்தான் எழுதி வந்தேன். இடது பக்கம் தேதி, வலது பக்கம் கிரியேட்டினின், அதாவது கிட்னி நோயாளியான என் ரத்தத்தில் தேங்கி நிற்கும் கழிவின் அளவு. 1.4, 1.5, 1.5, 1.7. ஏறினால் சிவப்பு மை, அப்படியே நின்றால் நீல மை. கணக்கெழுதும் வேலையில் இருப்பதால் ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்த எண் ஒரு புள்ளி கூடினால் அன்று எனக்குச் சோறு இறங்காது. டயாலிசிஸ் எந்திரத்தின் பக்கத்தில் படுத்திருப்பது போல எத்தனையோ முறை கனவு கண்டிருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு அந்த நோட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. போன வருடம், 52 வயதில், எனக்கு மாரடைப்பு வந்தது. டயாலிசிஸ் இன்றுவரை வரவில்லை.

தனியாக இருப்பவள் நான். தங்கை தொலைவில் இருக்கிறாள். நடந்ததையெல்லாம் ஒண்டியாகத்தான் சமாளித்தேன், பாதியைத் தப்பாகவும் சமாளித்தேன். கிட்னி பிரச்சினை இருப்பவர்கள், அவர்களுக்குத் துணையாக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு கேள்வியாவது கூடுதலாக டாக்டரிடம் கேட்டால் சரி.

முதலில் எனக்குத் தெரியாமல் போன விஷயம். சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்தாலே இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் ஆபத்து கூட ஆரம்பித்துவிடுகிறது. கடைசி நிலைக்குப் போன பிறகு வருகிற தொந்தரவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் எண்ணான இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தாலே நாள்பட்ட கிட்னி நோயாளிகள் பட்டியலில் சேர்ந்தாயிற்று. எனக்கு நோய் தெரிந்தபோது 47, மாரடைப்பு வந்த வருடம் 36. அமெரிக்காவில் கிட்டத்தட்ட 28,000 பேரை ஐந்து வருடம் கவனித்து 2004-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். என்னைப் போல மூன்றாம் நிலையில் இருந்தவர்களில் டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ போனவர்கள் 1.3 சதவீதம். அதே ஐந்து வருடத்தில் இறந்துபோனவர்கள் 24.3 சதவீதம். அதில் வயதானவர்கள் நிறைய, அதனால் அந்த எண்ணை அப்படியே நம் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நான் எந்த வாசலில் காவல் நின்றேன், திருடன் எந்த வாசல் வழியாக வந்தான் என்பதை எனக்கு விளங்க வைத்தது அந்தக் கணக்குதான்.

இதைப் படித்தது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு. படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் இதைச் சொல்லவில்லை. சரி, நானும் கேட்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் "டாக்டர், கிரியேட்டினின் எவ்வளவு?" என்பேன். அதைச் சொன்னதும் மூச்சு விட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். நாலு நிமிடம் முடிந்தது.

சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்ற பரிசோதனையை எனக்கு எடுத்ததே இல்லை. அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் என்பார்கள், காலையில் முதல் சிறுநீரைக் கொஞ்சம் கொடுத்தால் போதும், ஊசிகூடக் கிடையாது. 30-க்குக் கீழே இருந்தால் நல்லது, 300-க்கு மேல் போனால் அதிகம். மாரடைப்புக்குப் பிறகு எடுத்தபோது எனக்கு 620. அல்புமின் ஒழுகுவது கிட்னியின் சல்லடை ஓட்டையாவதைக் காட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உள்பூச்சு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் அதுதான் சாட்சி என்பது தெரியாது. கிரியேட்டினின் மாறாமல் நின்றாலும் இந்த எண் ஏறினால் இதய ஆபத்து ஏறுகிறது. உங்கள் ஃபைலில் இந்தப் பரிசோதனை இருக்கிறதா என்று இன்றே புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது பிரஷர். ஆஸ்பத்திரியில் பார்க்கும்போதெல்லாம் 150, 156 என்று வரும். "படியேறி வந்தேன், பதற்றம்" என்று நானே காரணம் சொல்லிவிடுவேன். வீட்டில் கருவி இருந்தது, அலமாரியில், பேட்டரி கசிந்து. இப்போது சரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிட்னி நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல் 2021-இல் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவரச் சொன்னது, அதுவும் இப்படி ஒழுங்காக அளந்த 120. எல்லோருக்கும் அவ்வளவு இறக்க முடியாது, எழுந்து நின்றால் தலை சுற்றும். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் எவ்வளவு என்று ஒரு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். எனக்கு அப்படி ஒரு இலக்கு இருந்ததே தெரியாது.

இனி வருவது என் முட்டாள்தனம், மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டேடின் என்ற, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்தேன், எல்லாம் நார்மல் என்று போட்டிருந்தது. நார்மலாக இருக்கும்போது எதற்கு? உறவுக்காரர் ஒருவர் வேறு "அது கிட்னியை அடிச்சிடும்" என்றார். நிறுத்திவிட்டேன், டாக்டரிடமும் சொல்லவில்லை. கிட்னி நோயாளிகளுக்கு, முக்கியமாக 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, கொலஸ்ட்ரால் எண்ணைப் பார்த்து அந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை, ஆபத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். 2011-இல் வெளியான ஷார்ப் என்ற ஆய்வில் 9,270 கிட்னி நோயாளிகள். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்தவர்களுக்கு அடைப்பால் வரும் பெரிய பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்தன. இதில் நேரமும் முக்கியம். டயாலிசிஸுக்குப் போன பிறகு புதிதாக ஆரம்பித்தவர்களுக்குப் பெரிய பலன் இல்லை என்று வேறு இரண்டு ஆய்வுகள் காட்டின. ஆக, பலன் கிடைக்கிற காலத்தில் நான் மாத்திரையை டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன்.

நிறுத்திய மாத்திரைக்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? இணையத்தில் பார்த்து, கிட்னியைக் கழுவிச் சுத்தம் செய்யும் என்று ஒரு பொடி வாங்கினேன். எட்டு மாதம். கூட்டிப் பார்த்தால் என் இரண்டு மாதச் சம்பளம். டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதவே இல்லை. கணக்கெழுதுகிற நான், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட ஏற்க மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவைத் திறந்து தினமும் இரண்டு ஸ்பூன் விழுங்கினேன்.

சரி, ஆம்புலன்ஸில் போவதற்கு முந்தைய அந்தப் பதினொரு நாளுக்கு வருகிறேன். முதலில் தோள்பட்டைக்கு நடுவில் ஒரு கனம். வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி. குனிந்தே வேலை பார்க்கிறோம், பிடிப்பு என்று நினைத்து மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கி ஐந்து நாள் போட்டேன். கிட்னி நோயாளி தொடவே கூடாத ரகம் அது. கிட்னியைக் கெடுப்பதோடு உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷரை ஏற்றும், இதயத்துக்கும் ஆகாது. மூன்றாம் நாள் காலுறையைக் கழற்றும்போது கணுக்காலுக்கு மேல் ஒரு பள்ளம் வளையமாகப் பதிந்திருந்தது. தேய்த்துவிட்டேன், போகவில்லை. கிட்னிக்காரர்களுக்குக் கால் வீங்கும்தானே என்று தூங்கப் போனேன்.

அப்புறம் தலையணை. எப்போதும் ஒன்று வைத்துப் படுப்பவள், அந்த வாரம் இரண்டு வைத்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை, அப்படிப் படுத்தால் சுகமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு மூன்று. கடைசி இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினேன். ஒரு சின்ன கிளினிக்கில் காட்டினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை, வாய்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். எனக்கும் அதைக் கேட்க இதமாகத்தான் இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று மனதில் பதிந்துவிட்டது. கிட்னி நோய் இருப்பவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வருவது சகஜம். மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி, தாடையிலோ முதுகிலோ கனம், குமட்டல், இவைதான் அறிகுறியாக இருக்கும். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது. அதற்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது. நான் பதினொரு நாள் காத்திருந்தேன்.

பதினோராம் நாள் இரவு இரண்டு மணிக்கு இருமல். இருமினால் நுரை, லேசான இளஞ்சிவப்பு. ஆம்புலன்ஸை நானே கூப்பிட்டேன். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். செத்தால் கதவை உடைக்க வேண்டியிருக்காது என்று அப்போது தோன்றியது இன்னும் நினைவிருக்கிறது. அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் முதுகில் கை கொடுத்து "படுக்காதீங்கம்மா, நிமிர்ந்து உக்காருங்க, நாங்க இருக்கோம்" என்றார். முகமூடி, ஆக்சிஜன், நீர் போக ஊசி. ஒரு மணி நேரத்தில் பை நிறையச் சிறுநீர் போனது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

ரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருந்தது. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் புரதம் அது. அங்கிருந்த இளம் டாக்டர் "கிட்னி பேஷன்ட்டுக்கு இது எப்பவும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்" என்றார். அது பொய் இல்லை. கிட்னி பழுதானவர்களுக்கு மாரடைப்பு இல்லாத நாளிலும் அந்த எண் கூடுதலாக இருக்கக்கூடும். அதனால்தான் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது, சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய டாக்டர் வந்து மறுபடி எடுக்கச் சொன்னார். மூன்று மணி நேரத்தில் மூன்று மடங்கு. "இது கிட்னி இல்லம்மா, அட்டாக்" என்றார். இப்படி ஒரு நிலை வந்தால் "மறுபடி எப்போ எடுப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆஞ்சியோ செய்ய வேண்டும், அதாவது இதய ரத்தக் குழாய்க்குள் சாயம் ஏற்றிப் படம் பார்க்க வேண்டும் என்றார்கள். முடியாது என்றேன். சாயம் ஏற்றினால் கிட்னி போய்விடும், எந்த எண்ணை ஆறு வருடம் காப்பாற்றினேனோ அது ஒரே நாளில் போய்விடும். ஒன்றரை நாள் கையெழுத்துப் போடாமல் கிடந்தேன். தங்கை போனில் அழுதாள். "அக்கா, நோட்டை யாருக்குக் காட்டப் போற?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் கிட்னி டாக்டரே வந்து உட்கார்ந்து பேசினார். சாயத்தால் ஆபத்து உண்டு, ஆனால் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. சாயத்தைக் குறைவாகப் பயன்படுத்தலாம், உடம்பில் நீரின் அளவைச் சரிசெய்துகொண்டு போகலாம், கிட்னியைப் பாதிக்கும் மற்ற மருந்துகளை நிறுத்தி வைக்கலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். 2020-இல் கிட்னி முற்றியவர்கள் 777 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. இதய அடைப்பு இருந்தும் நிலையாக இருப்பவர்களுக்கு, உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனதால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. "நீங்க அந்தக் கூட்டத்துல இருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். இது அட்டாக் நடந்துட்டிருக்கிற நேரம்" என்றார். இந்த வித்தியாசத்தை யாராவது முதல் நாளே இப்படி விளக்கியிருந்தால் ஒன்றரை நாள் இதயத் தசை வீணாகியிருக்காது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் கையில்தான் ரத்தக் குழாய்களை இணைப்பார்கள். அதனால் எழுதாத கையின் முன்கையில் ஊசி குத்துவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், புறங்கையில் எடுக்கச் சொல்லலாம். ஆஞ்சியோவையும் மணிக்கட்டு வழியாகச் செய்வதா, தொடை வழியாகச் செய்வதா என்பதை அதையும் யோசித்து முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தொடை வழியாகச் செய்தார்கள்.

மேசையில் படுத்திருந்தபோது திரை எனக்குத் தெரிந்தது. சாயம் இன்னும் ஏற்றவில்லை. ஆனாலும் இதயத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசைந்தபடி இரண்டு மெல்லிய கோடுகள், தண்டவாளம் மாதிரி. என்னது என்று கேட்டேன். "உங்க ரத்தக் குழாயோட சுவர்தாம்மா. சுண்ணாம்பு படிஞ்சு கிடக்கு" என்றார் டாக்டர். எலும்பு தெரிகிற மாதிரி என் ரத்தக் குழாய் தெரிந்தது. பலூன் அங்கே விரியவில்லை, முதலில் நுண்ணிய கருவியால் சுண்ணாம்பைக் குடைந்துவிட்டுத்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். செலவு அங்கேயே கூடிப்போனது.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று பிறகு விளக்கினார்கள். கிட்னி சரியாக வடிகட்டாதபோது பாஸ்பரஸ் தேங்குகிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கிற தசைச் செல்கள் அந்தச் சூழலில் குணம் மாறி எலும்புச் செல்களைப் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கின்றன. குழாய் விறைத்துப்போகிறது. விறைத்த குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது அறைச் சுவர் தடித்துப்போகிறது. பிரஷரும் ரத்தசோகையும் சேர்ந்தால் இன்னும் தடிக்கிறது. எனக்கு எக்கோவில், அதாவது இதயத்தின் ஸ்கேனில், அது தெளிவாகத் தெரிந்தது. ஆறு வருடத்தில் எனக்கு எடுத்த முதல் எக்கோ அது. எலும்புக்கு நல்லது என்று நானாகவே நாலு வருடம் கால்சியம் மாத்திரை விழுங்கியதைச் சொன்னபோது டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாக்கெட்டில் அடைத்த பண்டங்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கிற பாஸ்பேட், இயற்கை உணவில் இருப்பதைவிட மிக அதிகமாக ரத்தத்தில் கலக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. சேர்மானப் பட்டியலில் "பாஸ்" என்ற எழுத்துகளைத் தேடுவது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கிரியேட்டினின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆஞ்சியோவுக்குப் பிறகு 2.3 வரை போனது, மூன்று வாரத்தில் 1.9-க்கு இறங்கி நின்றது. ஏழு வாரம் வேலைக்குப் போகவில்லை, அதில் நாலு வாரம் சம்பளம் இல்லை. சேமிப்பில் பாதிக்கு மேல் கரைந்தது. பொடிக்குப் போன இரண்டு மாதச் சம்பளம் தனி.

வீடு திரும்பிய பிறகு இன்னொரு கூத்து. இதய டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டினார், கிட்னி டாக்டர் குறைத்தார். இருவருக்கும் இடையில் நான் தபால்காரி. கடைசியில் ஒரே தாளில் எல்லா மாத்திரையின் பெயரும் அளவும், கடைசி மூன்று ரிப்போர்ட்டின் கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், பாஸ்பரஸ், எடை, பிரஷர் எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேர் மேசையிலும் வைத்தேன். அதன்பின் இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள், இரண்டே நிமிடத்தில் முடிந்தது. நீங்கள் இந்தத் தாளை எனக்கு முன்பே தயார் செய்துவிடுங்கள்.

புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள், டபாகிளிஃப்ளோசின். சர்க்கரை நோய்க்கு வந்த மருந்து என்று படித்ததும் எனக்குச் சர்க்கரையே இல்லையே என்று போய் நின்றேன். இந்த முறை நிறுத்தாமல் கேட்டேன் என்பதே எனக்குப் பெரிய முன்னேற்றம். 2020-இல் வந்த ஆய்வில் 4,304 கிட்னி நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சர்க்கரை கிடையாது, அவர்களுக்கும் கிட்னியும் உயிரும் காப்பாற்றப்பட்டன என்றார். இந்த மாத்திரையோ, அல்புமினைக் குறைக்கிற பிரஷர் மாத்திரையோ ஆரம்பித்ததும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். பிரஷர் மாத்திரையில் 30 சதவீதம் வரை ஏறினால்கூடப் பொதுவாக நிறுத்துவதில்லை, பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டு தொடர்வார்கள். பழைய நானாக இருந்தால் சிவப்பு மையைப் பார்த்ததும் மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பேன். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பில் நீர் வற்றுகிற நாட்களில் மட்டும் எதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டு அதேதான். பக்கத்தைக் குறுக்கே திருப்பி ஆறு கட்டம் போட்டிருக்கிறேன். போன திங்கட்கிழமை வரி: காலை எடை 58.4, பிரஷர் 124/76, 122/74, கால் வீக்கம் இல்லை, கிரியேட்டினின் 1.9, அல்புமின் 210. கடைசிக் கட்டம் தலையணைக்கு. ஒன்று.